அரண்மனை இல்லாத அரச ஊர்கள்: வில்லியனூர், பாகூர் வட்டாரத்துச் சுற்றுலாத் தலங்கள்

புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே வில்லியனூரும் தென்மேற்கே பாகூரும் அவற்றைச் சேர்ந்த சிற்றூர்களும் ஏரி, வாய்க்கால், நெல்வயல், பழைய கோயில் என்று விரிந்து கிடக்கின்றன. பிரெஞ்சு ஆட்சி 1880-இல் கொம்யூன்களை வகுத்தபோதே இந்த இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. 1907-இல் செய்த மறுபிரிவினையில் நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் முதலியவை தனியே பிரிந்தன. இன்றும் இவ்வூர்களின் உள்ளாட்சிக்குக் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் பெயர். பல்லவர், சோழர், இராட்டிரகூடர், விசயநகரத்தார், ஆற்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆட்சிகள் மாறி மாறி வந்த நிலம் இது. ஆனால் அரசர் குடியிருந்த மாளிகை ஒன்றுகூட இங்கே நிற்கவில்லை. அவர்கள் விட்டுச் சென்றவை செப்பேடு, கல்வெட்டு, கோயில், நீர்நிலை, தேர் ஆகியவை. அரண்மனை பார்க்கும் கண்ணோடு வருகிறவர், இங்கே எழுத்தையும் தண்ணீரையும் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

மாளிகைகள் எங்கே போயின

மைசூருக்கும் செய்ப்பூருக்கும் போய்வந்த தமிழர்கள், நம் மன்னர்களின் அரண்மனைகள் எங்கே என்று கேட்பது வழக்கம். விடையில் பெரிய மருமம் எதுவும் இல்லை. சோழர் காலம் வரை தமிழகத்தில் கடவுளுக்குக் கல்லில் வீடு கட்டினார்கள். மன்னருக்குச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டைத் தோண்டியபோது கிடைத்தவை செங்கல் சுவர்களின் அடித்தளங்களும் கூரை ஓடுகளும்தான். முதலாம் இராசேந்திரனின் தலைநகரமே அப்படி மண்ணுக்குள் போயிருக்கிறது என்றால், பாகூர் நாட்டில் அரச அதிகாரி ஒருவர் தங்கிய வீடு நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் தமிழ்நாட்டு மாளிகைகளான மதுரைத் திருமலை நாயக்கர் மகால், தஞ்சை அரண்மனை, இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் எல்லாம் நாயக்கர், மராட்டியர், சேதுபதிகள் காலத்தவை.

புதுச்சேரியிலேயே கட்டப்பட்ட பெரிய மாளிகைக்கும் அதே கதிதான். கவர்னர் தூப்ளே காலத்தில் எழும்பிய அரசு மாளிகையை, 1761-இல் நகரத்தைப் பிடித்த ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மாலையில் அங்கே காற்று வாங்க உட்காருகிறவர்கள், செஞ்சிக் கோட்டையின் ஒரு பங்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். வில்லியனூருக்கு அருகே ஓடும் சங்கராபரணிக்குச் செஞ்சியாறு என்றும் ஒரு பெயர் உண்டு. அது செஞ்சி மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வருகிறது. கல்லும் நீரும் ஒரே திசையிலிருந்து வந்திருக்கின்றன.

ஆயியின் மாளிகை

இந்த வட்டாரத்தில் பிரமாதமான ஒரு மாளிகை இருந்ததாகக் கதை மட்டும் உண்டு. விசயநகர மன்னர் கிருட்டிணதேவராயர் (ஆட்சி 1509–1529) தம் அமைச்சர் அப்பாசியோடு வில்லியனூர்ப் பக்கம் வந்தார். அந்தி நேரத்தில் விளக்குகள் சுடர்விட ஒரு கட்டடம் தெரிந்தது. கோயில் என்று எண்ணிக் கைகூப்பிக் கும்பிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதும், தெரியாமல் கும்பிட வைத்த வீட்டின்மேல் அவருக்குச் சினம் மூண்டது. இடித்துவிட உத்தரவிட்டார். ஆயி மன்றாடினாள். இடிப்பதானால் தன் கையாலேயே இடித்து, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டித் தருகிறேன் என்றாள். மன்னர் இசைந்தார். மாளிகை குளமாயிற்று.

கிருட்டிணதேவராயர் காலத்துச் சான்றில்லாத செவிவழிக் கதை இது. ஆனால் இதற்குப் பின்னால் நடந்தது வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நகரத்தில் நல்ல குடிநீருக்குத் தட்டுப்பாடு இருந்தது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக்காலத்தில், வில்லியனூர் போகும் வழியிலுள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து நீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நீர் ஆயி வெட்டியது என்ற கதை பேரரசர் காதுக்கு எட்டியதாகவும், அவள் நினைவாக மண்டபம் எழுப்ப அவர் சொன்னதாகவும் கூறுவார்கள். பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபம் அதுதான். கிரேக்க, உரோமானியக் கட்டடப் பாணியில் அமைந்த அந்த மண்டபம் இன்று புதுச்சேரி அரசின் சின்னமாக இருக்கிறது. ஒரு பேரரசர் இடிக்கச் சொன்ன வீட்டின் நினைவு, இன்னொரு பேரரசர் வழியாக ஓர் அரசின் முத்திரையாக ஏறிவிட்டது.

பூங்காவில் படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளில் பலர் அது வில்லியனூர்ச் சாலைக் கதை என்று அறியாமலே திரும்பிவிடுகிறார்கள். வழிகாட்டிகள் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான்.

பாகூர்: செப்பேட்டில் எழுதிய கல்லூரி

பாகூரைப் பழைய ஆவணங்கள் வாகூர் என்கின்றன. 1879-இல் ழூல் தெலாஃபோன் என்ற பிரெஞ்சு நீதிபதியின் முயற்சியால் ஒரு செப்பேட்டுத் தொகுதி வெளியுலகுக்குத் தெரியவந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 877 எனக் கணிக்கப்படுகிறது. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலும் அமைந்துள்ளன. கல்வெட்டறிஞர் ஊல்ட்சு இதைப் பதிப்பித்தார்.

வேசாலிப் பேரரையன் என்ற தலைவன் வேண்டிக்கொண்டபடி, சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாய் வாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, உரிமையாக்கப்பட்டது. கொடையின் பெயரே வித்தியாபோகம். கோயிலுக்கோ தனி ஒருவருக்கோ நிலம் கொடுத்த பட்டயங்கள் தமிழகத்தில் எத்தனையோ உண்டு. கல்விக்கூடம் ஒன்றையே பெறுபவராகக் கொண்ட பழைய பட்டயங்கள் அருமையானவை. வாகூரில் நிறைந்திருந்த கல்விப் பெருக்கை, சடையில் தாங்கிய கங்கையோடு ஒப்பிட்டிருக்கிறார் வடமொழிப் பகுதியைப் பாடிய புலவர். மிகைக்கூற்று என்று கழித்துவிட்டாலும், ஒரு சிற்றூரைப் பற்றி அப்படிச் சொல்ல அரசவைப் புலவருக்குத் தோன்றியது என்பது எஞ்சி நிற்கிறது.

இத்தகைய கொடை எப்படி நடைமுறைக்கு வரும் என்பதும் தெரிந்துகொள்ளத்தக்கது. பல்லவர் கால வழக்கப்படி, மன்னனின் திருமுகம் நாட்டாருக்குப் போகும். நாட்டார் அதைத் தொழுது தலைமேல் வைத்து, ஊரெல்லையைச் சுற்றி நடந்து, எல்லையில் கல்லும் கள்ளியும் நாட்டி, ஓலை எழுதிக் கொடுப்பார்கள். அதன் பிறகே செம்பில் வெட்டுவார்கள். வரி கட்ட வேண்டாத நிலம் எது, பழைய அறக்கொடையாக விலக்கி வைக்க வேண்டிய நிலம் எது என்பதெல்லாம் பட்டயத்தில் வரும். இன்றைய பத்திரப் பதிவில் நான்கெல்லை எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நடைமுறை அந்நியமாகத் தோன்றாது.

வித்தியாஸ்தானம் நின்ற இடம் எது என்று காட்ட இன்று பாகூரில் சுவடு இல்லை. காணக்கூடியது மூலநாதர் கோயில். இறைவன் மூலநாதர், இறைவி வேதாம்பிகை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இந்தக் கற்றளி முற்காலச் சோழர் பாணியைச் சேர்ந்தது. அதிட்டானத்தை ஒட்டிக் குனிந்து பார்த்தால், உள்ளங்கை அளவுக் கட்டங்களில் ஆடல் காட்சிகளும் புராணக் காட்சிகளும் வரிசையாகத் தெரியும். நேரே கருவறைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது நிழல் சிற்பங்களை நன்றாக எடுத்துக் காட்டும்.

சுவரில் உள்ள கல்வெட்டுகளில் சோழர்களுடையவை மட்டுமல்லாமல் கன்னரதேவன் என்ற பெயரும் வருகிறது. இவர் இராட்டிரகூட மன்னர் மூன்றாம் கிருட்டிணர். 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தான். அதன்பின் தொண்டை நாடும் நடுநாடும் சில காலம் கன்னரதேவன் கைக்குள் இருந்தன. கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்ற அவர் பட்டத்தைப் பாட நூலில் படித்தவர்கள், அதே ஆட்சி ஒரு கிராமக் கோயில் சுவரில் தமிழில் பதிவாகியிருப்பதைப் பாகூரில் காணலாம். அரசன் மாறினான், எழுதும் மொழியும், ஊர்ச்சபையும், விளக்குக்கு நெய் அளக்கும் முறையும் மாறவில்லை.

இந்தக் கல்வெட்டுகளை ஊர் ஊராய் நடந்து தேடிப் படியெடுத்தவர் பாகூர்ப் புலவர் சு. குப்புசாமி. புதுச்சேரி வட்டாரக் கல்வெட்டுகளை அவர் தொகுத்தார், கோ. விசயவேணுகோபால் அவற்றைப் பதிப்பித்தார். பிரெஞ்சு நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் சேர்ந்து அதை இரு தொகுதிகளாக வெளியிட்டன. பாகூரைப் பற்றி எழுதும் எவரும் அந்த உழைப்பின் மேல்தான் நிற்கிறார்கள். கையில் அந்தத் தொகுதியோடு கோயிலைச் சுற்றிவந்தால், சுவர் பேசத் தொடங்கும்.

பாகூர் ஏரி

கோயிலை விட்டு வெளியே வந்தால் ஏரிக்கரைக்குப் போய்விட வேண்டும். புதுச்சேரிப் பகுதியின் ஏரிகளில் ஊசுட்டேரி முதற்பெரியது, பாகூர் ஏரி அதற்கு அடுத்தது. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்வதற்கு இந்த ஏரிதான் காரணம். தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டில் திருப்பிவிடப்படும் நீர், பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு வருகிறது. அணைக்கட்டு இருக்கும் சொர்ணாவூர் தமிழ்நாட்டில்; நீர் சேரும் ஏரி புதுச்சேரியில். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நிலத்தைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டதால், ஒரு வாய்க்கால் இரண்டு ஆட்சிகளைக் கடக்க வேண்டியதாயிற்று.

இங்கும் ஆயி கதைக்கு உடன்பிறப்பாக ஒரு கதை உண்டு. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிப் பெண்கள் தம் செல்வத்தைக் கொண்டு வாய்க்காலை வெட்டினார்கள், அதனால்தான் பங்காரு வாய்க்கால் என்ற பெயர் என்பார்கள் ஊரில். தெலுங்கில் பங்காரு என்றால் பொன். சொர்ணாவூரிலும் அதே பொன் இருக்கிறது. வயலுக்கு வந்த தண்ணீரைப் பொன் என்று அழைத்த வழக்கிலிருந்து பெண்களின் பெயர்கள் பின்னால் கிளைத்திருக்கக்கூடும் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். எப்படியானாலும், வில்லியனூர்ப் பக்கம் ஒரு தாசி, பாகூரில் இருவர் என்று, இந்த நாட்டின் நீருக்கு ஊரார் நினைவு வைத்திருப்பது அரசரை அல்ல, இந்தப் பெண்களைத்தான். கல்வெட்டில் கொடை எழுதியவர் யார் என்று படித்தால் மன்னன் பெயர் வரும். கரையில் நிற்கும் பெரியவரைக் கேட்டால் பங்காரி பெயர் வரும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின், தை மாதத்தில், ஏரி நிறைந்து நிற்கும். நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று பறவைகள் வரும். கோடையில் வந்தால் வெடித்த மண்ணும் மேயும் மாடுகளும்தான் கண்ணில் படும்.

பாகூர்ச் சண்டை

இந்த வயல்வெளியில்தான் 1752 செப்டம்பர் 6 அன்று ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. ஆங்கிலத் தரப்பில் மேசர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். பிரெஞ்சுத் தரப்பில் தூப்ளேயின் உறவினரான தெ கெர்ழான். துப்பாக்கி முனை ஈட்டிகளால் நெருங்கிச் சண்டையிட்ட அந்தக் காலைப் பொழுதில் பிரெஞ்சுப் படை தோற்றது, கெர்ழான் சிறைப்பட்டார். ஆற்காட்டு அரியணைக்கு நடந்த வாரிசுச் சண்டையில் இரு கம்பெனிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்ற காலம் அது. வில்லியனூர், பாகூர் நிலங்கள் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்ததே, அவர்கள் உதவியால் மேலெழுந்த சந்தா சாகிபும் முசாபர் சங்கும் 1749-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளித்த கைம்மாறாகத்தான். இந்தக் காலத்தின் தினசரி நடப்பை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கண்முன் நிறுத்துகிறது. வில்லியனூரில் அப்போது ஒரு கோட்டையும் இருந்தது. 1760-இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை அதைக் கைப்பற்றி, அடுத்த ஆண்டு புதுச்சேரியையும் வீழ்த்தியது. கோட்டையில் இன்று பார்க்க ஒன்றுமில்லை.

திரிபுவனை: 260 மாணவர்

விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டி மேற்கே போனால் திருவாண்டார்கோயில், திரிபுவனை, மதகடிப்பட்டு அடுத்தடுத்து வருகின்றன. மூன்றும் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்தவை. ஆனாலும் வில்லியனூர்ப் பயணத்தில் இவற்றை விட்டுவிட்டால் பாகூரில் தொடங்கிய கதை பாதியில் நின்றுவிடும்.

திரிபுவனையில் சோழர் காலப் பெருமாள் கோயில் இருக்கிறது. கல்வெட்டுகள் அதை வீரநாராயண விண்ணகர் என்கின்றன. வீரநாராயணன் முதலாம் பராந்தகனின் பெயர். இங்குள்ள முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1048-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஊரில் நடந்த ஒரு கல்லூரிக்கு 72 வேலி நிலம் விடப்பட்டதையும், அங்கே 12 ஆசிரியரும் 260 மாணவரும் இருந்ததையும் அது சொல்கிறது. வேதங்களோடு இலக்கணமும் இதிகாசமும் தரும நூல்களும் கற்பிக்கப்பட்டன. ஆசிரியருக்கு நாள்தோறும் எவ்வளவு நெல், மாணவருக்கு எவ்வளவு என்று கணக்கு உண்டு. அவர்கள் ஊர்வாரியங்களில் பணியாற்ற வேண்டியதில்லை என்றும் விலக்கு அளித்திருக்கிறார்கள். படிக்கிறவன் தேர்தலுக்கும் கணக்குக்கும் அலையக் கூடாது என்று நினைத்த ஒரு சபையின் முடிவு அது.

பாகூர்ச் செப்பேட்டுக்கும் திரிபுவனைக் கல்வெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 170 ஆண்டுகள். சற்றுத் தள்ளி விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர் படித்த இன்னொரு கல்லூரி. இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். தென்பெண்ணைக்கும் சங்கராபரணிக்கும் இடைப்பட்ட நாடு கல்விக்குப் பேர்போனதாக இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அக்கல்லூரிகளில் எல்லாச் சாதியாருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவை பிராமணச் சதுர்வேதிமங்கலங்களின் கல்விக்கூடங்கள். அவற்றுக்குச் சோறு போட்ட நெல்லை விளைவித்தவர்களின் பெயர்கள் கல்லில் ஏறவில்லை.

திருவாண்டார்கோயில் பஞ்சநதீசுவரர் கோயில் சம்பந்தர் பாடிய வடுகூர். மதகடிப்பட்டின் குண்டாங்குழி மகாதேவர் கோயில் முதலாம் இராசராசன் காலத்துக் கற்றளி. கூட்டம் குறைவான கோயில் அது; சோழக் கட்டடக் கலையை அமைதியாக நின்று கற்க விரும்புகிறவருக்கு உகந்த இடம்.

வில்லியனூர்: தேரும் தேவாலயமும்

வில்வ மரத்தோடு சேர்த்து வில்வநல்லூர் என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வது தலபுராண மரபு. திருக்காமீசுவரர், கோகிலாம்பிகை உறையும் பெரிய கோயில் ஊரின் நடுவே இருக்கிறது. தொழுநோய் தீர்ந்த சோழ மன்னன் ஒருவன் கோயிலைக் கட்டினான் என்பது புராணம். கல்வெட்டுகள் பிற்காலச் சோழர்களைக் காட்டுகின்றன. வில்லைப் புராணம் என்ற தலபுராணமும் இத்தலத்துக்கு உண்டு. அதை அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையர்.

வைகாசிப் பெருவிழாவில் நடக்கும் தேரோட்டம்தான் வில்லியனூரின் முகம். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கிவைப்பது வழக்கமாயிற்று. ஆட்சி மாறியும் வழக்கம் மாறவில்லை. இப்போது துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கிறார்கள். இந்த நாட்டில் அரச மரியாதை என்பதை உயிரோடு பார்க்க வேண்டுமானால் அந்தக் காலை நேரத்தில் தேர்முட்டிக்கு அருகே நிற்க வேண்டும். ஆள்கிறவர் கோட்டு அணிந்த பிரெஞ்சுக்காரராக இருந்தாலும், தேர் வடத்தைத் தொட்டால்தான் ஊர் அவரை ஆள்கிறவராக ஏற்கும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தேர் நகரும்போது ஆயிரக்கணக்கான கைகளில் ஒன்றாகத்தான் ஆளுநர் கையும் வடத்தில் இருக்கும்.

கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் லூர்து மாதா திருத்தலம். பிரான்சு நாட்டு லூர்தில் காட்சி நிகழ்ந்தது 1858-இல். இருபதே ஆண்டுகளுக்குள் இங்கே அந்த அன்னைக்கு ஆலயம் எழுந்து, 1877-இல் பிரான்சிலிருந்து சொரூபம் வந்து சேர்ந்தது. ஆலயத்தின் முன்னால் படிக்கட்டு வைத்த குளம். கோயிலுக்குத் தெப்பக்குளம்போல மாதாவுக்கும் ஒரு குளம். நோய் தீர வேண்டிக் குளத்து நீரை எடுத்துப்போகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. உயிர்ப்பு விழாவை அடுத்து நடக்கும் ஆண்டுப் பெருவிழாவில், இரவுத் தேர்ப் பவனியின்போது சாலை நிரம்பிவிடும்.

வில்லியனூரின் இன்னொரு பெருமை மண். இவ்வூர்ச் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நினைவுப் பொருள் வாங்க விரும்புகிறவர்கள் நகரத்துக் கடைகளில் எங்கோ வார்த்த வெண்கலப் பொம்மையைத் தேடுவதைவிட, இங்கே ஒரு மண் குதிரையை வாங்கிப்போகலாம். பயணத்துக்கு ஏற்ப வைக்கோல் சுற்றித் தரச் சொல்ல வேண்டும்.

சங்கராபரணிக் கரையில் உள்ள திருக்காஞ்சி, மாசி மகத்துக்குப் பேர்போனது. காசிக்கு வீசம் அதிகம் என்று இத்தலத்தைச் சொல்வார்கள். கங்கை வராக நதீசுவரர் கோயிலின் படித்துறையில் அன்று தீர்த்தவாரி நடக்கும். முன்னோருக்குத் திதி கொடுக்க ஆண்டு முழுதும் மக்கள் வருகிறார்கள்.

கீழூர்: கடைசி ஆட்சி மாற்றம்

வில்லியனூர்க் கொம்யூனில் உள்ள கீழூர் சிற்றூர்தான். ஆனால் இந்நாட்டில் ஆட்சி கைமாறிய கடைசி நிகழ்வு இங்கே நடந்தது. 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் பேரவை உறுப்பினர்களும் நகரசபை, கொம்யூன் உறுப்பினர்களும் கீழூரில் கூடி வாக்களித்தார்கள். வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது 1962 ஆகஸ்டு 16 அன்று. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி, தியாகிகளைப் போற்றுகிறார்கள்.

வெட்டவெளியில் நிற்கும் எளிய நினைவிடம் அது. பெரிய கட்டடத்தை எதிர்பார்த்து வருகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். போர்க்களத்திலோ அரசவையிலோ அல்லாமல், சுற்றிலும் வயல் இருக்கும் ஓர் ஊரில் வாக்கு எண்ணி ஆட்சி மாறியது என்பதை அங்கே நின்று நினைத்துப் பார்ப்பவருக்கு அந்த இடம் போதும்.

அரிக்கமேடு: கேள்விப்பட்ட அரசன்

பாகூர்ச் சாலையில் போகும்போது வழியிலேயே அரியாங்குப்பம் வருகிறது. அங்கிருந்து பிரியும் பாதையில் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளிக்கோளின் நகர்வைப் பார்க்கப் புதுச்சேரி வந்த வானியலாளர் லெ ழாந்தீல் இங்கே பழைய செங்கல் சுவர்களைக் கண்டு விசாரித்தார். முன்னொரு காலத்தில் வீரராகன் என்ற அரசன் இங்கே வாழ்ந்தான் என்று ஊரார் சொன்னார்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தவை உரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும் மணிகளும் சாயத்தொட்டிகளும். அது வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த துறைமுகம். இடிந்த சுவரைக் கண்டால் அரசனின் வீடு என்று நினைப்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

போகிறவர்களுக்கு

வில்லியனூருக்குப் புதுச்சேரிப் பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி பேருந்து உண்டு; விழுப்புரம் இருப்புப்பாதையில் வில்லியனூர் நிலையமும் உள்ளது. பாகூருக்குக் கடலூர்ச் சாலை வழியே போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியும் என்றாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கொடுப்பது நல்லது. சாலையில் போகும்போது தமிழ்நாடு, புதுச்சேரி என்று எல்லைப் பலகைகள் மாறி மாறி வரும். அது பாதை தவறியதன் அடையாளம் அல்ல.

கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில் திறக்கும். காலையில் சீக்கிரம் கிளம்பி மூலநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு, நடை சாத்திய நேரத்தை ஏரிக்கரை மரநிழலில் கழிக்கலாம். கல்வெட்டைப் படிக்கிறேன் என்று சுண்ணாம்போ மாவோ பூசக் கூடாது, எழுத்து அரிக்கும். பக்கவாட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் பிடித்தால் எழுத்து தானே தெரியும். கோயில் குருக்களிடமும் மெய்க்காப்பாளரிடமும் முன்னதாக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது முறை. கன்னரதேவன் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்டால், எத்தனையோ ஆய்வாளர்கள் வந்து கேட்டுப்போன கேள்வி என்பதால், பெரும்பாலும் கைகாட்டிவிடுவார்கள்.